மண் சுமந்த ஏரி

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், கருமலை என்று பொருள்படும் பெயருடைய மலைத்தொடரின் அடிவாரத்திலே, ரெவேல் என்னும் சிற்றூருக்கு அருகில் சேன் பெரெயோல் என்றோர் ஏரி உண்டு. சுற்றிலும் மரச்செறிவு, கரையிலே மணற்பரப்பு. கோடை பிறந்ததும் அக்கம்பக்கத்து ஊரார் குழந்தை குட்டிகளுடன் வந்து நீந்தி மகிழ்வர். மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சற்றே ஆழத்தில் காலை நீட்டினால் குளிர் சுரீரென ஏறும். 67 எக்டேர் பரப்புள்ள இந்நீர்நிலையை இயற்கையே அமைத்தது எனப் புதியவர் எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் இது மனிதர் கையால் ஆனது. அதுவும் நீந்துவதற்காக ஆனதன்று.

அட்லாண்டிக் பெருங்கடலையும் மத்தியதரைக் கடலையும் நீர்வழியால் இணைக்க வேண்டும் என்பது பிரெஞ்சு மன்னர் பலருடைய கனவு. இடையே நோரூசு என்னும் மேட்டுநிலம் நின்றது. மேட்டின் உச்சியில் கால்வாய்க்கு நீர் எங்கிருந்து வரும்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் பொறியியல் பயின்றவரல்லர். உப்பு வரி தண்டும் பணியிலிருந்த பியேர் போல் ரிக்கே என்பவர். மலை ஓடைகளைத் திரட்டி நோரூசுக்குக் கொண்டுவரலாம் என்று 1662-ஆம் ஆண்டில் அமைச்சர் கொல்பேருக்கு எழுதினார். 1666-இல் பதினான்காம் லூயியின் ஆணை பிறந்தது. லோடோ என்னும் ஓடையின் குறுக்கே 1667-இல் அணை வேலை தொடங்கி, 1672-இல் முடிந்தது. மூன்று கற்சுவர்கள், அவற்றின் இடைவெளி முழுவதும் மண்.

இங்கே என் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பணிக்காலத்தில் இக்கதையை ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லி வந்தேன். அரசன் பெயரையும் அமைச்சர் பெயரையும் ரிக்கேயின் பெயரையும் கரும்பலகையில் எழுதித் தேர்விலும் கேட்டேன். அத்தனை மண்ணையும் சுமந்தவர் யார் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. கேட்கும்படி நான் பழக்கியதுமில்லை. ஓய்வு பெற்ற பின்னரே படித்தறிந்தேன்: கூடை கூடையாக மண் சுமந்தவருள் பெண்கள் ஏராளம். மலைநாட்டிலிருந்து வந்த அப்பெண்கள் வாய்க்கால் வகுக்கும் நாட்டறிவும் உடையவர் என்று அண்மைக்கால ஆய்வாளர் எழுதுகின்றனர். நான் படித்த ஏடுகளில் அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை.

ரிக்கேயைக் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. ஞாயிறு, திருநாள், மழைநாள் ஆகியவற்றுக்கும் தொழிலாளர்க்குக் கூலி உண்டு என்று வகுத்தவர் அவர். அக்காலத்தில் அதனை அரியதோர் ஏற்பாடு என்றே கொள்ளவேண்டும். தம் செல்வத்தையெல்லாம் கொட்டிக் கடனாளியாகி, 1680 அக்டோபரில் மறைந்தார். துலூசிலிருந்து தோ உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர் ஓடும் கால்வாய் 1681 மே மாதத்தில் திறக்கப்பட்டது; அவர் அதைக் காணவில்லை. பின்னர் வோபான் என்னும் படைப்பொறியாளர் கம்மாசு என்னுமிடத்தில் மலையைக் குடைந்து, ஏரிக்கு மேலும் நீர் வர வழி செய்தார்.

1996-இல் அக்கால்வாய் உலக மரபுச் சின்னமாயிற்று. சரக்குப் படகுகள் மறைந்து, உல்லாசப் படகுகளே இன்று அதில் செல்கின்றன. அவற்றுக்கும் நீர் வேண்டுமன்றோ? ஆகவே ஏரியின் வேலை ஓயவில்லை. அணையின் அடியிலுள்ள நிலவறை வழியொன்றுக்கு 'நரக வளைவு' என்று பெயர். கோடையில் கால்வாய்க்கு நீர் விடவிட ஏரியின் மட்டம் தாழ்கிறது. கரைமணலும் அகன்றுகொண்டே போகிறது. நீந்த வந்தவர்கள் தண்ணீரைத் தொட இன்னும் சில அடிகள் கூடுதலாக நடக்கிறார்கள்.