ஈடாகக் கொடுக்கப்பட்டவர்

2008 பிப்ரவரி 26ஆம் தேதி வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஒரு பண்டமாற்று நடந்தது. கொலராடோ அவலாஞ்ச் அணி தன்னிடமிருந்த கார்லிஸ் ஸ்க்ராஸ்டின்ஷ் என்ற லாத்வியரை ஃப்ளோரிடா பாந்தர்ஸ் அணிக்குக் கொடுத்தது. தராசு சமமாக நிற்க வேண்டுமே, அதனால் பின்னால் யாரோ ஒரு பையனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை ஒன்றையும் கூடச் சேர்த்தது. பதிலுக்கு ருஸ்லான் சலேய் என்ற பெலாரூஸ்காரரை வாங்கிக்கொண்டது. இருவரும் 1974இல் பிறந்தவர்கள். ஒருவர் ரீகாவில், மற்றவர் மின்ஸ்கில். அன்றைக்கு இரண்டுமே சோவியத் யூனியன். இருவருமே கோல் போடுகிறவர்கள் அல்ல, தடுக்கிறவர்கள். மூன்றரை ஆண்டு கழித்து, 2011 செப்டம்பர் 7 அன்று, ரஷ்யாவின் யாரஸ்லாவ்ல் நகரிலிருந்து கிளம்பிய ஒரே விமானத்தில் இருவரும் சேர்ந்தே செத்துப்போனார்கள்.

விதி என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருவருக்கு ஈடாக மற்றவர் என்று கைமாற்றப்பட்ட இரண்டு உடல்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு தொழிற்சந்தை இருக்கிறது, அந்தச் சந்தை உருவான வரலாறு இருக்கிறது. விளையாட்டு என்றாலே மக்களை மயக்கும் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம் மத்தியில் உண்டு. மயக்கம் பார்க்கிறவனுக்கு. ஆடுகிறவனுக்கு அது வேலை. சலேயின் வாழ்க்கையை ஒரு புலம்பெயர் தொழிலாளியின் வரலாறாகத்தான் நான் வாசிக்கிறேன். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவன் எப்படிய்யா தொழிலாளி என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சம்பளத்தின் அளவை வைத்தா, தன் உடல் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை வைத்தா, எதை வைத்து இதை முடிவு செய்வது?

முதலில் பழைய ஏற்பாடு. சோவியத் ஹாக்கியில் பெரிய ஆட்டக்காரர்கள் காகிதத்தில் ராணுவத்தினர். மாஸ்கோவின் ராணுவ அணி கட்டாய ராணுவ சேவை என்ற பெயரில் ஒன்றியம் முழுவதிலுமிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டது. மின்ஸ்க், கீயவ், ரீகா எல்லாம் நாற்றங்கால்கள், நடவு மாஸ்கோவில். 1989இல் அலெக்சாந்தர் மகீல்னி ஸ்டாக்ஹோமில் அணியை விட்டு நழுவி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அதே வருடம் வியாச்சிஸ்லாவ் ஃபெத்தீசவ் நீண்ட சண்டைக்குப் பிறகு நியூ ஜெர்ஸி அணிக்குப் போக அனுமதி பெற்றார். சலேய்க்கு அப்போது பதினான்கு வயது. பதினேழு வயதில், 1991 டிசம்பர் 8 அன்று, அவருடைய குடியரசின் எல்லைக்குள்ளேயே, பெலவேஷா காட்டு விடுதி ஒன்றில் மூன்று தலைவர்கள் கையெழுத்துப் போட்டு சோவியத் யூனியனைக் கலைத்தார்கள். ஒரு நாடு தோன்றியது. அதற்கு ஓர் அணியும் தேவைப்பட்டது. உலக ஹாக்கியின் கடைசிப் படிகளில் ஒன்றான மூன்றாம் பிரிவிலிருந்து அந்த அணி ஆட்டத்தைத் தொடங்கியது.

சலேய் 1992 முதல் 1995 வரை மின்ஸ்க் தினமோவில் (நடுவில் தீவலி என்று பெயர் மாற்றிக்கொண்ட கழகம் அது) ஆடினார். அந்த மூன்று பருவங்களிலும் நாட்டின் கொடி வெள்ளை–சிவப்பு–வெள்ளை. 1994 ஜூலையில் அலெக்சாந்தர் லூகஷெங்கா அதிபரானார். 1995 மே மாத வாக்கெடுப்பில் அந்தக் கொடி போனது, சோவியத் கொடியின் சாயலில் சிவப்பு–பச்சை வந்தது, ரஷ்ய மொழிக்கும் அரசு மொழி அந்தஸ்து கிடைத்தது. அதே வருடம் சலேய் லாஸ் வேகஸ் தண்டர் என்ற இரண்டாம் தர அணிக்குப் போய்ச் சேர்ந்தார். பாலைவனத்தின் நடுவில் இயந்திரம் வைத்து உறைய வைத்த பனி. மின்ஸ்க் பையன் முதன்முதலில் டாலரில் சம்பளம் வாங்கியது அங்கேதான்.

அடுத்த ஆண்டு புதிய ஆளெடுப்பு. ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பதற்கும், லீக் அணிகள் இளைஞர்களைப் பங்கு போட்டுக்கொள்வதற்கும் தமிழில் நான் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது தெரியாமல் அல்ல. போன பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிகள் முதலில் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுக்கப்பட்டவன் அந்த லீகில் ஆட வேண்டுமானால் அந்த அணியோடுதான் பேச வேண்டும். பிடித்த ஊர், பிடித்த பயிற்சியாளர் என்ற பேச்சே கிடையாது. 1996இல் ஒன்பதாவது ஆளாக சலேயை எடுத்தது அனஹைம் மைட்டி டக்ஸ். அந்த அணி அப்போது டிஸ்னி நிறுவனத்தின் சொத்து. 1992இல் வந்த தன்னுடைய குழந்தைகள் படத்தின் பெயரையே டிஸ்னி அணிக்கு வைத்திருந்தது. முதலில் படம், பிறகு பொம்மை, பிறகு உண்மையான ஆட்கள். ராணுவச் சீருடை போட வேண்டியிருந்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறைக்காரர் வாத்துமுகச் சின்னம் போட்ட சட்டையோடு பனியில் இறங்கினார். ருஸ்லானை அங்கே 'ரஸ்டி' ஆக்கினார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் துருப்பிடித்தது. பெயர் மாற்றுகிறவர்களுக்கு அர்த்தத்தைப் பற்றி என்ன கவலை.

தடுப்பாட்டக்காரரின் வேலை என்ன? 'பக்' எனப்படும் ரப்பர் வில்லை வரும் வழியில் தன் உடம்பைக் குறுக்கே போடுவது. எதிராளியைப் பலகைச் சுவரோடு சேர்த்து மோதுவது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பனியில் இருந்துவிட்டு மூச்சு வாங்க வெளியே வருவது, மறுபடி இறங்குவது. சலேய் அந்த லீகில் ஆடியது 917 ஆட்டங்கள். போட்ட கோல்கள் 45. கிட்டத்தட்ட இருபது ஆட்டத்துக்கு ஒன்று. மிச்சமெல்லாம் நடக்காமல் போன கோல்கள். அவற்றை எழுதிவைக்கப் பட்டியல் இல்லை. இந்த வேலையின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. 1999 அக்டோபரில் டல்லஸ் அணியின் மைக் மொடானோவைப் பின்னாலிருந்து பலகைச் சுவரில் மோதியதற்காக சலேய்க்குப் பத்து ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. முரட்டுத்தனத்துக்காக ஒருவரை வேலைக்கு வைப்பது, அது அளவு மீறியதும் அவரைத் தண்டிப்பது, இரண்டையும் ஒரே லீக்தான் செய்கிறது.

அந்த 45இல் சேராத ஒரு கோல் உண்டு. 2003 மே 31, ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம். முதல் இரண்டையும் அனஹைம் தலா 3–0 என்று நியூ ஜெர்ஸியிடம் தோற்றிருந்தது. மூன்றாவது ஆட்டம் 2–2 என்று கூடுதல் நேரத்துக்குப் போனபோது ஏழாவது நிமிடத்தில் சலேய் அடித்தார். தொடர் உயிர் பெற்றது, ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது, கடைசியில் கோப்பை நியூ ஜெர்ஸிக்கே போனது. (கோப்பைப் போட்டிக் கணக்கு தனி என்பதால் இந்தக் கோல் அந்த எண்ணிக்கையில் வராது.) அனஹைம் கோப்பையை வென்றது 2007இல். சலேய் 2006லேயே ஃப்ளோரிடாவுக்குப் போயிருந்தார்.

நடுவில் 2004–05. அந்தப் பருவம் முழுவதையும் முதலாளிகள் கதவடைப்பு செய்து ரத்து செய்தார்கள். கவனிக்கவும், வேலைநிறுத்தம் அல்ல, கதவடைப்பு. முடிவில் ஆட்டக்காரர்களின் நடப்பு ஒப்பந்தங்களில் 24 சதவீதம் வெட்டப்பட்டது. அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அந்தக் குளிர்காலத்தை சலேய் ரஷ்யாவின் கஸான் நகரில், ஆக் பார்ஸ் அணியில் கழித்தார். பழைய ஒன்றியம் இப்போது எண்ணெய்ப் பணத்தோடு கூலிக்கு ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தது.

சரி, தேசத்துக்கு வருவோம். பெலாரூஸ் என்ற பெயரை வட அமெரிக்கச் சாமானியர்கள் பலர் முதன்முதலில் கேட்டது 2002 பிப்ரவரி 20 அன்றாக இருக்கலாம். சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் காலிறுதி. எதிரே, கனடாவையே 5–2 என்று வீழ்த்தியிருந்த ஸ்வீடன். பெலாரூஸ் அணியில் அமெரிக்க லீகின் ஆள் சலேய் ஒருவர்தான். ஆட்டம் முடிய இரண்டரை நிமிடம் கூட இல்லாதபோது விளாதிமிர் கோபத் வெகு தொலைவிலிருந்து அடித்த வில்லை, கோல் காப்பாளர் டாம்மி சாலோவின் தலைக்கவசத்தில் பட்டு எழும்பி, அவருக்குப் பின்னால் விழுந்து கோட்டைத் தாண்டியது. 4–3. அடுத்த ஆட்டத்தில் கனடாவிடம் 7–1, பிறகு ரஷ்யாவிடம் 7–2. நான்காம் இடம். ஆனால் அந்த 4–3 போதுமானதாக இருந்தது. உலகம் ஒரு நாட்டின் பெயரைத் தெரிந்துகொள்ள, அந்த நாட்டில் வேலை கிடைக்காமல் வெளியே போனவர்கள் தேவைப்பட்டார்கள்.

வீட்டில் இருந்த அதிகாரத்துக்கும் ஹாக்கி தேவைப்பட்டது. லூகஷெங்கா தானே மட்டை பிடித்து ஆடுகிறவர். ஊர் ஊராகப் பனி அரங்குகள் கட்டப்பட்டன. மின்ஸ்கில் 15,000 பேர் உட்காரும் பெரிய அரங்கு எழுந்தது. 2008இல் ரஷ்யாவை மையமாகக் கொண்டு புதிய கண்ட லீக் தொடங்கியபோது மின்ஸ்க் தினமோவும் அதில் இருந்தது. 2014இல் உலகப் போட்டி மின்ஸ்கிலேயே நடந்தது. 2020 மார்ச்சில், கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தபோது, பனி அரங்கில் நின்றபடி, இங்கே வைரஸ் ஏதும் பறக்கிறதா என்று நிருபரிடம் கேலியாகக் கேட்டார் அவர். ஆகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு 1995இல் இறக்கப்பட்ட அந்தப் பழைய கொடியோடு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுக்காரர்கள் வன்முறைக்கு எதிராகக் கையெழுத்திட்டார்கள். நவம்பரில், தன் குடியிருப்பு முற்றத்தில் கட்டியிருந்த வெள்ளை–சிவப்பு நாடாக்களை முகமூடிக்காரர்கள் அறுக்க வந்தபோது கீழே இறங்கிப்போன ராமன் பந்தரென்கா என்ற ஓவியர் அடிபட்டு இறந்தார். அந்தக் கும்பலில் நாட்டின் ஹாக்கிச் சங்கத் தலைவர் திமித்ரி பாஸ்கவ் இருந்தார் என்று எதிர்ப்பாளர்கள் குற்றம் சாட்டினார்கள்; அவர் மறுத்தார். 2021 ஜனவரியில் சர்வதேசக் கூட்டமைப்பின் தலைவர் ரெனே ஃபாசல் மின்ஸ்க் போய் லூகஷெங்காவைக் கட்டித் தழுவினார். அந்தப் படம் வெளியானது. ஸ்கோடா, நிவியா போன்ற விளம்பர நிறுவனங்கள் விலகப்போவதாகச் சொன்ன பிறகுதான் அந்த ஆண்டு உலகப் போட்டி மின்ஸ்கிடமிருந்து பறிக்கப்பட்டது. செத்தவருக்காக அல்ல, கார் விற்பனைக்காக என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். வரிசை அப்படித்தான் இருக்கிறது.

சலேய் இதில் எதையும் பார்க்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று கேட்பது வீண் வேலை. நாட்டின் கோப்பைப் போட்டிக்கு அவருடைய பெயரை வைத்துக்கொண்டது அரசு சார்ந்த விளையாட்டு அமைப்பு. செத்தவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பது அதற்கு வசதி.

2010–11 பருவத்தை டெட்ராய்ட்டில் ஆடினார். அதோடு அமெரிக்கா முடிந்தது. 36 வயதுத் தடுப்பாட்டக்காரருக்கு அங்கே விலை இறங்கிவிட்டது. யாரஸ்லாவ்லின் லோகமோத்திவ் அணி வாங்கியது. டெட்ராய்ட்டில் துணைப் பயிற்சியாளராக இருந்த கனடாக்காரர் பிராட் மக்ரிமன்தான் அங்கே புதிய தலைமைப் பயிற்சியாளர். ஸ்க்ராஸ்டின்ஷும் வந்து சேர்ந்தார். ஸ்லோவாக்கியாவின் பாவோல் தெமித்ரா, ஸ்வீடனின் ஸ்டெஃபான் லீவ், மூன்று செக் ஆட்டக்காரர்கள், ஒரு ஜெர்மானியர், பெலாரூஸின் இன்னொருவரான செர்கேய் அஸ்தப்சூக். பருவத்தின் முதல் ஆட்டம் செப்டம்பர் 8, எதிரணி தினமோ மின்ஸ்க், இடம் மின்ஸ்க். அதாவது சலேய் வெளியூர் அணியின் ஆளாகச் சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

விமானத்தில் 45 பேர். அது ஓடுபாதையின் முடிவைத் தாண்டி ஓடி, ஆண்டெனாக் கம்பத்தில் மோதி, வோல்கா ஓரத்தில் நொறுங்கியது. 43 பேர் அன்றே இறந்தார்கள், அலெக்சாந்தர் கலீமவ் என்ற ஆட்டக்காரர் ஐந்து நாள் கழித்து இறந்தார். பிழைத்தது ஒரு விமானப் பொறியாளர் மட்டும். விசாரணை அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. விமானம் வேகமெடுக்கும்போது ஓட்டுநர் அறையில் ஒருவரின் கால் பிரேக் மிதியில் இருந்திருக்கிறது. இருவரும் முன்பு ஓட்டிப் பழகியது யாக்-40. அதில் கால் வைக்கும் விதம் வேறு. யாக்-42க்கான பயிற்சி அவர்களுக்கு முறையாக நடக்கவில்லை, நடந்ததாகக் காகிதம் இருந்தது. துணை விமானியின் ரத்தத்தில் தடை செய்யப்பட்ட மயக்க மருந்தின் தடயம் இருந்தது. விமானம் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. அதன் துணைத் தலைவர் ஒருவர் மீது வழக்கு நடந்தது. 2015 செப்டம்பரில் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டு சிறை என்று தீர்ப்பெழுதி, இரண்டாம் உலகப்போர் வெற்றியின் எழுபதாம் ஆண்டுப் பொதுமன்னிப்பைக் காட்டி, கையோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தது.