கோதுமை வயல் நடுவே ஒரு பள்ளிவாசல்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ராஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அதனருகே, கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த வயல்வெளியில், ஒரு சிறிய பள்ளிவாசலும் மையவாடியும் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து ஏர் பிடித்த சிரிய முஸ்லிம்களின் நினைவுச் சின்னங்கள் அவை.

உஸ்மானியப் பேரரசின் ஆட்சியிலிருந்த இன்றைய சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து அவர்கள் வந்தனர். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், 160 ஏக்கர் நிலத்தை ஏறத்தாழ இலவசமாகவே வழங்கியது. நிபந்தனைகள் இரண்டு: அந்நிலத்திலேயே வீடு கட்டி வாழ்ந்து பயிரிட வேண்டும், அமெரிக்கக் குடியுரிமை பெற வேண்டும். இரண்டுமே எளிதாக இருக்கவில்லை.

அக்காலத்தில் குடியுரிமை இனத்தைப் பொறுத்திருந்தது. சிரியர்கள் 'வெள்ளையர்' ஆவார்களா என்ற வழக்கு நீதிமன்றங்களில் நடந்தது; 1915இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று 'ஆம்' என்றது. மற்ற நிபந்தனை வாழ்க்கை முறையையே மாற்றியது. 160 ஏக்கர் என்பது அரை மைல் நீளமும் அரை மைல் அகலமும் கொண்ட சதுரம். அவரவர் நிலத்தில் அவரவர் வாழ வேண்டியிருந்ததால், வீடுகள் நெருங்கி நின்ற தாயகத்துக் கிராமத்தை அங்கே உருவாக்க இயலவில்லை. உறைபனிக் காலத்தில் அண்டை வீட்டுக்குச் செல்வதே ஒரு பயணமாயிற்று. வீடுகளில் கூடித் தொழுதனர்.

கோதுமையும் ஆளிவிதையும் விளைந்தன. முதல் உலகப் போரின்போது ஒரு புஷல் கோதுமை இரண்டு டாலருக்கு மேல் விற்றது. போருக்குப் பின் விலை சரிந்தது. அந்தச் சரிவுக்குப் பிறகும் அவர்கள் மனம் தளராமல், 1929இல் பள்ளிவாசல் எழுப்பினர். பாதி நிலத்துக்குள் அமைந்த எளிய கட்டடம் அது. அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட தொடக்ககாலப் பள்ளிவாசல்களுள் ஒன்று.

அதே ஆண்டில் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. 1932இல் கோதுமை விலை 40 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. அத்தோடு வறட்சியும் சேர்ந்தது. மழை குறைந்த அந்த மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்கே போதவில்லை. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது எங்ஙனம்? பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அடுத்த தலைமுறையில் அரபு மொழி மறைந்தது, பெயர்கள் மாறின. ஆளில்லாத பள்ளிவாசல் 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. இன்று நிற்பது, 2005இல் அவர்களின் வழித்தோன்றல்கள் எழுப்பியது.

அவர்களிடம் ஈமான் குறைந்ததால் ஜமாஅத் கலையவில்லை. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பிழைக்க வழியில்லாததால் கலைந்தது. பொருள் தேடிக் கடல் கடக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். புதிய ஊரில் பள்ளிவாசலுக்கு இடம் பார்க்கும்போதே, அதில் நாளை தொழப்போகும் பிள்ளைகளின் வாழ்வாதாரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை ராஸ் நமக்கு உணர்த்துகிறது.