கம்பளி: ஒரு நடையின் உடுப்புக் கதை

மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை, சுமார் 250 கிலோமீற்றர். அதில் ஒரே ஒரு நாள், செட்டிகுளம் பக்கம், நாங்களும் சேர்ந்து நடந்தோம். ஐந்து பேர். எல்லாரும் வன்னிப் பிள்ளைகள், கலைப்பீடம்.

எங்களில் மூன்று பேர் பொலியெஸ்ரர் ரீசேட். ஒருத்தி பருத்திச் சட்டை. ஒருத்தன் மட்டும் கனடாவிலிருந்து மாமா அனுப்பின மெரினோ கம்பளி ரீசேட்டோடு வந்திருந்தான். "இந்த வெயிலுக்குக் கம்பளியாடா?" என்று காலையில் நல்லாச் சிரித்தோம். பின்னேரம் எங்கட பொலியெஸ்ரர் நாறிப் பக்கத்தில் ஆள் இருக்க முடியவில்லை. அவனுடையது மணக்கவே இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அண்டைக்குச் சுகமாக நடந்தது பருத்திச் சட்டைக்காரிதான். ஏன் அப்படி என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

மெரினோ ஒரு செம்மறி இனம். ஸ்பெயின் அதைப் பல நூற்றாண்டுகள் வெளியில் விடாமல் காத்தது. 1797இல் தென்னாபிரிக்காவின் கேப் வழியாக அவுஸ்திரேலியாவுக்குப் போனது. பிறகு அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதியே அதன் கம்பளிதான் என்றானது. ரீசேட்டுக்கு எடுக்கும் மெரினோ இழை 20 மைக்ரோனுக்கும் கீழே. 30 மைக்ரோனைத் தாண்டினால் தோலில் குத்தும், சொறியும். கம்பளி என்றாலே கடிக்கும் என்று நாங்கள் நினைப்பது இந்தத் தடித்த இழையால்தான்.

கம்பளி இழை தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நீராவியாக உள்ளே இழுத்தும், தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. ஈரம் பட்டாலும் இழைகளுக்கிடையில் காற்று தங்குவதால் சூடு முழுதாகப் போகாது. நாற்றம் பிடிப்பதும் குறைவு. மறுபக்கம், மெல்லிசாக இருந்தால் கெதியாக ஓட்டை விழும். பொலியெஸ்ரரை விடக் காய நேரம் எடுக்கும். பூச்சி அரிக்கும். விலையும் கூட.

பருத்தி தண்ணீரைக் குடித்து உடம்போடு ஒட்டும். குளிர் மலையில் அது ஆபத்து, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆனால் செட்டிகுளத்து வெயிலில் அந்த ஈரமே குளிர்ச்சி. ஆக, சமவெளிக்குப் பருத்தி, மலைக்குக் கம்பளி. இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஒரே நடையில் இரண்டையும் கடந்தவர்கள் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுப் பாதையில் கால்நடையாகப் போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதை ஓரத்திலேயே செத்தவர்கள் ஏராளம். எத்தனை பேர் என்பதில் இன்றைக்கும் வாக்குவாதம் இருக்கிறது. உடுத்தியிருந்தது பருத்தித் துணி. மன்னார் வெயிலுக்கு அது சரி. அதே துணியோடு மழையும் பனியும் உள்ள மலைக்கு ஏறினால்?

தோட்டத்தில் அவர்களுக்குக் கம்பளி கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பதை விடக் கடனுக்கு விற்றார்கள் என்பதே பொருத்தம். அரிசியைப் போலக் கம்பளியின் விலையும் சம்பளத்தில் கழிபட்டது. கங்காணியிடம் வாங்கின வழிச்செலவுக் கடனோடு அதுவும் சேர்ந்தது. இந்தக் கடனைக் காட்டி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921 வரைக்கும் ஒழியவில்லை. அவுஸ்திரேலிய மெரினோ இங்கிலாந்து ஆலைகளுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், அதே பேரரசின் தோட்டத்தில், குத்துகிற முரட்டுக் கம்பளி கடனாக வந்தது.

எங்கட கூட்டத்தில் இரண்டு பேரின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு வன்முறைக்குப் பிறகும் மலையகத்தார் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். 1970களில் காந்தியம் அமைப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. வன்னி வரலாறு என்று நாங்கள் எழுதும்போது பண்டாரவன்னியனில் தொடங்கிப் போரில் முடிக்கிறோம். இந்த மனிதர்கள் நடுவில் காணாமல் போகிறார்கள்.

ஒருத்தியின் அப்பாயி கிளிநொச்சியில் இருக்கிறா. சின்ன வயதில் கொழுந்து எடுத்தவ. மெரினோ ரீசேட்டை அவவின் கையில் கொடுத்தோம். தடவிப் பார்த்துவிட்டு, "இது கம்பளியா? நம்ம கம்பளி நனைஞ்சா ஒரு ஆள் பாரம் இருக்கும் புள்ள. ரெண்டு நாளானாலும் காயாது. ஆனா தலையில போட்டா மழை உள்ள வராது" என்றா. அந்தக் கம்பளி இப்ப எங்கே என்று கேட்டோம். இங்கே வந்த பிறகு வெக்கைக்குத் தேவைப்படவில்லை, மாட்டுக் கன்றுக்குப் போர்த்தினோம், இடம்பெயர்வில் போய்விட்டது என்றா.

வெளிநாட்டில் ஒரு மெரினோ ரீசேட் 80, 100 டொலர் போகும். நாங்கள் நடந்த ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு ரீசேட்டுக்கு 25 நாளாவது கொழுந்து பறிக்க வேணும். கொழுந்து எடுக்கிறவர்களில் பலர் இன்றைக்கு மழைக்குப் போர்த்துவது பிளாஸ்ரிக் உறையைத்தான்.

மெரினோ நல்லதா கெட்டதா என்று கேட்டால், சிவனொளிபாதமலைக்கு இரவில் ஏறுபவருக்கு நல்லது, வன்னியில் நடப்பவருக்குப் பருத்தி போதும் என்று சொல்லுவோம். அதோடு ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டிலோ ஊரிலோ ஒரு பழைய தோட்டக் கம்பளி இருந்தால் எறியாதீர்கள். அதைப் போர்த்தியவர் உயிரோடு இருந்தால், யார் கொடுத்தது, எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். நாங்கள் கேட்கப் போனபோது கம்பளி போய்விட்டது. நல்லவேளை, அப்பாயி இருந்தா.