நெஞ்சுவலியின் முதல் சில மணி நேரம்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு, வாரங்களோ மாதங்களோ கழித்து வேறொரு சிக்கல் தலைகாட்டுகிறது. இரத்தம் கிடைக்காமல் மடிந்த இதயத் தசை தழும்பாகி மெலிந்து, இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் வெளிப்புறமாகப் புடைக்கிறது. மருத்துவர்கள் 'அனியூரிசம்' என்றழைக்கும் இப்புடைப்பு பெரும்பாலும் இடது கீழறையில் தோன்றுகிறது. அதனுள் உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும்.

இவற்றில் மிக அரிதானது 'போலி அனியூரிசம்'. இங்கு சுவர் கிழிந்தே விடுகிறது; இதய உறை ஒட்டிக்கொண்டு இரத்தத்தைத் தடுத்து நிறுத்துவதால்தான் நோயாளி உயிரோடிருக்கிறார். அந்தத் தடுப்பு எப்போது உடையுமென்று சொல்ல முடியாது. ஆகவே, முதியவரானாலும் உடல் தாங்குமெனில் அறுவை சிகிச்சையையே பொதுவாகப் பரிந்துரைக்கின்றனர்.

இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் கீழறைப் புடைப்பை முதன்முதலில் வெட்டி நீக்கியவர் அமெரிக்காவின் டென்டன் கூலி, ஆண்டு 1958. வெட்டிய இடத்தை நேராகத் தைத்ததில் அறையின் வடிவம் குலைந்தது. 1980-களில் பிரான்ஸின் வின்சென்ட் டோர், அறையின் உட்புறம் ஒட்டு வைத்துத் தைத்து வடிவத்தை மீட்டார். ஆயினும், 1,000 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2009-இல் வெளியான 'ஸ்டிச்' ஆய்வில், பைபாஸுடன் கீழறைச் சீரமைப்பையும் சேர்த்துச் செய்ததால் இறப்போ, இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. கத்தி எல்லோருக்கும் உரியதன்று.

பொருளியல் நோக்கில் எனக்கு உறுத்துவது வேறு. தருமபுரி மாவட்டத்தில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வெளியூர் மருத்துவமனையில் துணைக்கிருக்கும் மகன் இழக்கும் கூலி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அடைபட்ட இரத்தக்குழாயை உரிய நேரத்தில் திறந்திருந்தால் அந்தப் புடைப்பே பெரும்பாலும் தோன்றியிராது. நம் ஊர்களிலோ, நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்றெண்ணிச் சோடா குடித்துப் படுத்துவிடுகிறார்கள்.

2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் உடனடியாகத் தரப்படுகின்றன. நல்ல தொடக்கம், ஆனால் மாத்திரை, குழாயைத் திறக்கும் சிகிச்சைக்கு ஈடாகாது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து ஒரு நோயாளி, கட்டியைக் கரைக்கும் ஊசியோ ஆஞ்சியோபிளாஸ்டியோ கிடைக்கும் இடத்தை எத்தனை மணி நேரத்தில் அடைகிறார் என்பதைப் பதிவுசெய்து, மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.