குளிர்நாட்டு வீடும் மீள்சுழற்சிப் பலகையும்

கனடாவில் யன்னல், கதவு, கூரை விளிம்புகளில் அடிக்கும் மரப்பலகை பனியீரத்தில் உக்கிவிடும். மீள்சுழற்சிக் கலவைப் பலகை எளிதில் உக்காது. ஆனால் வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும். 16 அடிப் பி.வி.சி. பலகை 50 பாகை செல்சியஸ் மாற்றத்தில் ஏறத்தாழ அரை அங்குலம் அசையும். நிலக்கரிச் சாம்பலைப் பிசினுடன் சேர்த்துச் செய்தவை அதைவிடக் குறைவாகவே அசையும்.

குளிரில் பூட்டினால் மூட்டுகளில் இடைவெளி விடுங்கள். கோடையில் நெருக்கி வைக்கலாம். உறைகுளிரில் பலகை வெடிக்கக்கூடும். முதலில் துளையிட்டுத் துருப்பிடிக்காத திருகாணி பாவியுங்கள்.

நான் நவம்பரில் இடைவெளியின்றிப் பூட்டுவித்தேன். ஜூலையில் பலகை வில்லாக வளைந்தது. கூலி இருமுறை கொடுத்தேன். நான் ஒரு கணக்காளன்! நீங்கள் விலை கேட்கும்போதே, எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு இடைவெளி என்ற தயாரிப்பாளரின் அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.