ஆற்றுணா

வழியில் உண்பதற்காக எடுத்துச்செல்லும் உணவுக்குப் பழந்தமிழில் ஆற்றுணா என்றொரு சொல் உண்டு. ஆறு என்பது இங்கே வழியைக் குறிக்கும். கட்டுச்சோறு, பொதிசோறு என்பனவும் ஏறக்குறைய இதே பொருளில் வழங்கியவை. இன்று அங்காடிகளில் பளபளக்கும் உறைகளுக்குள் 'எனர்ஜி பார்' என்ற பெயரில் விற்கப்படுவதும் ஓர் ஆற்றுணாதான். உறையைப் பார்த்தால் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த பண்டம் போலத் தோன்றும். அதன் வரலாறோ வேறு கதை சொல்கிறது. பெரும்பாலும் வீட்டுக் கைகளால் உருவாகி, பின்னர் பெருவணிகத்தின் பிடிக்குள் சென்ற உணவு அது.

இதன் மூதாதை என்று சொல்லத்தக்கது, வட அமெரிக்கச் சமவெளியின் தொல்குடிகள் செய்துவந்த பெம்மிக்கன். கிரீ மொழியில் கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. காட்டெருமை இறைச்சியை மெல்லிய துண்டுகளாக அரிந்து உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி, உருக்கிய கொழுப்பை ஊற்றிப் பிசைவார்கள். சாஸ்கட்டூன் போன்ற காட்டுப் பழங்களை உலர்த்திச் சேர்ப்பதும் உண்டு. ஈரமற்ற இந்த உணவு நெடுநாள் கெடாது. இடிப்பதும் பிசைவதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. கனடாவின் மென்மயிர்த்தோல் வணிகம், நாள் முழுக்கத் துடுப்புப் போட்ட படகோட்டிகளின் வழியாக, பெருமளவு இந்த உழைப்பின் மீது நின்றது.

ஆகவே பெம்மிக்கன் அரசியலாயிற்று. புதிதாக வந்த குடியேறிகளுக்கு உணவு போதாமல் போன நிலையில், செவ்வாற்றுக் குடியிருப்பின் ஆளுநர் மைல்ஸ் மக்டொனெல் 1814 ஜனவரியில் பெம்மிக்கனை வெளியே கொண்டுசெல்லத் தடை விதித்தார். அதைச் செய்து விற்று வாழ்ந்த மெட்டி இன மக்களும், அதை வாங்கிய நார்த் வெஸ்ட் நிறுவனமும் எதிர்த்தனர். பகை முற்றி 1816 ஜூன் 19 அன்று செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் மோதல் வெடித்தது. அடுத்த ஆளுநரான ராபர்ட் செம்பிள் உட்படக் குடியிருப்பின் தரப்பில் 21 பேரும், மெட்டி தரப்பில் ஒருவரும் மாண்டனர்.

அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் காட்டெருமை மந்தைகள் ஏறக்குறைய அழித்தொழிக்கப்பட்டன. பெம்மிக்கனின் காலமும் முடிந்தது. அதைத் தேவையாக்கிய மனித உடல் மட்டும் மாறவில்லை. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2,000 கலோரி. மாரத்தான் ஓட்டத்தில் 30 கிலோமீட்டரைக் கடந்தபின் அது தீரத் தொடங்குகிறது. கால்கள் கல்லாகின்றன. 1983இல் கனடிய ஓட்டக்காரர் பிரையன் மாக்ஸ்வெல்லுக்கு இங்கிலாந்தில் நடந்த மாரத்தானின் 21ஆம் மைலில் நேர்ந்தது இதுவே. அதன்பின் அவரும், கலிபோர்னியாவின் பெர்க்லியில் உணவறிவியல் படித்துக்கொண்டிருந்த ஜெனிஃபர் பிடல்ஃபும் வீட்டுச் சமையலறையிலேயே பல கலவைகளைச் சோதித்தனர். 1986இல் 'பவர்பார்' பிறந்தது. அதற்கு முன்னரே, 1969இல், பில்ஸ்பரி நிறுவனம் விண்வெளி உணவு ஆய்விலிருந்து மெல்லும் குச்சிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. ஆனால் அவை அமெரிக்காவில் நீடிக்கவில்லை. நீடித்தது சமையலறைச் சரக்கு. 2000இல் நெஸ்லே அதை வாங்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மாக்ஸ்வெல் தமது 51ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார்.

அதே பவர்பாரின் சுவை சலித்துப்போய் மற்றொன்று பிறந்தது. 1990இல் 175 மைல் மிதிவண்டிப் பயணத்தில் ஐந்து பார்களைத் தின்று முடித்த கேரி எரிக்சன், ஆறாவதைத் தின்ன மனமின்றி வைத்துவிட்டார். தாயின் சமையலறையில் அவர் உருவாக்கியது, தந்தை கிளிஃபோர்டின் பெயரால் 1992இல் 'கிளிஃப் பார்' ஆயிற்று. 2000இல் 12 கோடி டாலருக்கு விலைபேசப்பட்டபோது இறுதி நேரத்தில் மறுத்தார். 2022இல் அது 290 கோடி டாலருக்கு மொண்டலீஸ் வசம் போயிற்று. பெரும்பாலும் பழமும் பருப்பும் கொண்ட 'லாராபார்' கதையும் இதுவே: லாரா மெரிக்கன் டென்வரில் தம் வீட்டில் செய்துபார்த்து 2003இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்; 2008இல் ஜெனரல் மில்ஸ் வாங்கிக்கொண்டது.

கோடிகள் கைமாறிய இந்தப் பண்டத்தின் செய்முறை இரண்டு வரிகளில் அடங்கிவிடும். நூறு கிராம் பாதாமை வெறும் வாணலியில் வறுத்து, ஆறியபின் ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். விதை நீக்கிய பேரீச்சம்பழம் நூறு கிராமைத் தண்ணீர் விடாமல் மசித்து, இரண்டையும் பிசைந்து, தட்டில் அழுத்தி, எட்டாக வெட்டினால் துண்டுக்கு நூறு கலோரிக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். நம் கடலை மிட்டாயில் வெல்லத்தைப் பாகாகக் காய்ச்சி, பதம் பார்த்துக் கடலையை இறுக்குகிறோம். இங்கே அடுப்புப் பாகு தேவையில்லை. வெயிலில் வற்றிய பழத்தின் சர்க்கரையே பாகு. இருக்கும் சிறிதளவு ஈரத்தையும் அந்தச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் எளிதில் வளர்வதில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரைக் காக்கும் உரிமை அது. வீட்டில் கடலை மிட்டாய் கிண்டுவதை அது தடுப்பதில்லை.

இந்த வேறுபாடுதான் கருதத்தக்கது. மக்டொனெல் தடுக்க முயன்றது உணவையே. பின்வந்த நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்கியவை பெயரையும் உறையையும், அவற்றைக் கடைதோறும் சேர்க்கும் வழிகளையும். பேரீச்சையும் பாதாமும் சேர்ந்தால் ஒட்டும் என்ற அறிவை எவரும் வாங்க முடியவில்லை. ஆகவே இன்று தொலைதூரப் பயணம் போகும் பிள்ளைக்காக வீட்டில் இதைப் பிசைந்து தருபவர், கடைப் பண்டத்தை நகலெடுப்பதாக எண்ண வேண்டியதில்லை. நகலெடுத்தது கடைதான்.