பெற்றோல் இல்லாத காலத்து மோட்டார் சைக்கிள்: அச்சடிக்கப்படாத ஒரு கையேடு

இண்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு மேலதிகமா ஒரு லைற் பூட்டவேணும் எண்டால் யூரியூப்பைத் திறக்கிறோம். எந்த வயரை எங்க குடுக்கிறது எண்டு ஆரோ ஒராள் தமிழிலயே சொல்லித் தருவார். 1990இல் எங்கட பெற்றோரின் தலைமுறைக்கு வந்த கேள்வி இதைவிடப் பெரிசு. பெற்றோலே இல்லாமல் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டுறது? அதுக்கு எந்தக் கொம்பனியும் கையேடு அடிக்கவில்லை.

அந்த வருடம் ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி தொடக்கம் நீண்டதொரு பட்டியலுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான், ஆனாலும் ஏதோ ஒரு விலைக்குக் கிடைத்தது. மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் அதிலதான் ஓடின.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றுமளவுக்கு ஆவி விடும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் ஆகாது. சூடேறின எஞ்சின் ஓடும். இந்த இடைவெளியைக் கடக்கக் கண்டுபிடித்ததுதான் 'சூப்பி'. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். காபரேற்றர் பக்கமாகச் சில துளி பீச்சி, உதைச்சு ஸ்ராட் பண்ணி, சூடேறும்வரை நூரவிடாமல் பிடிக்கவேணும்.

இதைத் 'தமிழன்ர மூளை' எண்டு பெருமையாச் சொல்லிவிட்டுக் கடந்துபோறது எங்கட வழக்கம். அந்தப் பெருமை ஒரு கேள்வியை மறைக்குது: இந்த அறிவு எங்கேயிருந்து வந்தது?

அளவெட்டி மாதிரித் தோட்டக் கிராமங்களில் அதுக்கான பதில் கிணற்றடியிலயே இருந்தது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணி இறைச்ச பம்புகள் போருக்கு முதலே பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துற எஞ்சின்கள். எப்ப மாத்துறது, சத்தம் எப்படி மாறும் எண்டதெல்லாம் தோட்டக்காரரின் கைக்கும் காதுக்கும் பழக்கம். பிரித்தானியாவிலும் 1949இல் பெர்குசன் ரக்ரர் ஒன்று இதே முறையில், மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளுக்கென்றே வந்தது. அதன் அமுக்க விகிதத்தைத் தொழிற்சாலையே குறைத்துச் செய்தது. பாவிக்கிறவருக்கு விளக்கப் புத்தகமும் இருந்தது. எங்கட ஊர்களில் தொழிற்சாலையின் வேலையையும் புத்தகத்தின் வேலையையும் கராஜ்காரரும் வீட்டு முற்றத்தில் எஞ்சின் கழற்றின ஆக்களும் சேர்ந்து செய்தார்கள்.

அதுக்கொரு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும். பிளக்கில் கரி படியும். புகை கண்ணைக் கரிக்கும். விரும்பி ஆரும் இதைச் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகவேண்டியிருந்தபடியால் செய்தார்கள்.

பெற்றோல் திரும்ப வந்ததும் சூப்பிக்கு வேலை இல்லாமல் போச்சு. தேவை முடிந்த அறிவை ஆரும் பிள்ளைகளுக்குப் பழக்குவதில்லை. பொருளாதாரத் தடையைப் பற்றி எழுதுகிற நாங்கள் தடைசெய்த பொருட்களின் பட்டியலை எழுதுகிறோம்; அந்தப் பட்டியலுக்குள் வாழ்ந்து காட்டின கைகளின் வேலைமுறையை எழுதுவது குறைவு. அந்த வேலையைச் செய்த ஆக்கள் இண்டைக்கும் எங்கட ஊர்களில் இருக்கினம். கஷ்டப்பட்ட கதையை மட்டும் கேளாமல், ஹெட்டுக்குக் கீழே பக்கிங்கை எவ்வளவு தடிப்பாப் போட்டவை, காபரேற்றரில் எதை மாத்தினவை, எத்தினை நாளுக்கொருக்கா ஒயில் மாத்தினவை எண்டும் கேட்போம். கேட்டதை எழுதி வைப்போம். அந்தக் கையேட்டை இனியாவது அச்சடிக்கலாம்.